இரண்டு கையிலும்

எழுந்ததும் ஜன்னலைத் திறப்பேன். அடுப்பில் பால் வைப்பேன். பால் காய்வதற்குள் பல் துலக்கிவிடலாம். பிறகு அலமாரியிலிருந்து பிரஷர் கருவியை எடுத்து மேசையில் வைப்பேன். அத்தை வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ரவிக்கைக் கையை மேலே தள்ளிக்கொண்டு, கையை நீட்டுவார். முதலில் வலது கை. பட்டை இறுகும், தளரும், கருவி ஒரு முறை கூவும். எண்ணைச் சொல்வேன். பிறகு இடது கை. அந்த எண்ணையும் சொல்வேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

"ரெண்டு கையிலயும் எதுக்கு மாப்ள? ஒரு கை சொன்னா பத்தாதா?"

"பழக்கமாயிடுச்சு அத்தை."

"மருமகன் வீட்ல உக்காந்து திங்கிறவளுக்குக் கொழுப்புதான் ஏறும். பிரஷர் எங்கேர்ந்து ஏறப்போகுது."

அத்தை என் மனைவியின் அம்மா. ஆஸ்பத்திரியில் மகளுக்குத் துணையாக இருக்க ஒரு பெட்டியோடு வந்தவர். மகள் போய்ச்சேர்ந்த பிறகு பெட்டியைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். இப்போது அது கட்டியபடியே கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. போவதைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே தினமும் அதே கேள்வியைக் கேட்பார்.

"கடைசியா என்னதான் சொன்னா அவ?"

"பால் பொங்கப்போகுது" என்று நான் எழுந்துவிடுவேன்.

அந்தக் கருவி அவளுக்காக வாங்கியது. அவள் ஒரு பள்ளிச் சீருடைத் தொழிற்கூடத்தில் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காகப் போட்டு, மேலே சாக்குக்கட்டியால் கோடு இழுத்து, மொத்தமாக வெட்டுகிற வேலை. வலது கைக்கு அலுப்பே தெரியாது. இடது கையைக் கொஞ்ச நேரம் தூக்கிவைத்தால் மரத்துப்போகும். பின்னுகிற தலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கையை உதறுவாள்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் விளையாட்டாக அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். எங்கும் துடிப்பு கிடைக்கவில்லை.

"உனக்கு நாடியே இல்லடி."

"பேயைக் கட்டியிருக்கீங்க. இப்பத்தான் தெரியுதா, லிஃப்ட்காரரே?"

நான் லிஃப்ட்களைச் சோதித்துச் சான்று தருகிற பொறியாளன். வீட்டில் அதுதான் என் பெயர்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவளுக்கு மாதக்கணக்கில் காய்ச்சல் இருந்தது. ரத்தக் குழாய்களின் சுவரைத் தாக்குகிற ஒரு நோய் அது. காய்ச்சல் போய்விட்டது, குழாய்களில் தழும்பு தங்கிவிட்டது. இடது கைக்குப் போகிற குழாய் தோளுக்குப் பக்கத்தில் சுருங்கியிருந்தது. அதனால் அந்தக் கையில் பிரஷர் பார்த்தால் எப்போதும் குறைவாகவே காட்டும். உடம்பு முழுக்க எகிறிக்கொண்டிருக்கும்போதும் அந்தக் கை மட்டும் சாதாரணம் என்று சொல்லும். வருஷக்கணக்கில் அந்தக் கையை நம்பி, ஒன்றும் இல்லை என்று அவளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கடைசியில் ஒருவர் வலது கையில் பார்த்துவிட்டுத் தன் கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தாராம்.

அன்றிலிருந்து அவள் இடது கைக்குப் பெயர், பொய் சொல்ற கை. என்னிடம் கோபம் வந்தால் அந்தக் கையை நீட்டிக் காட்டுவாள். "இதுல பாருங்க. நான் ரொம்ப சாந்தமா இருக்கேன்."

நாலு விதமான மாத்திரைகள். எதற்கும் பிரஷர் இறங்கவில்லை. காரணம் சிறுநீரகத்தில் இருந்தது. அதே நோய் சிறுநீரகங்களுக்குப் போகிற இரண்டு குழாய்களையும் சுருக்கியிருந்தது. வலது பக்கத்துச் சிறுநீரகம் ரத்தம் கிடைக்காமல் சுருங்கி, பேருக்குத்தான் இருந்தது. இடது பக்கம் ஒன்றை வைத்து அவள் ஓடிக்கொண்டிருந்தாள். அந்தக் குழாயும் அடைபட்டால் டயாலிசிஸ். வாரத்தில் பாதி நாள் இயந்திரத்தோடு. கட்டிங் மேசையை மறந்துவிட வேண்டியதுதான். அவளுக்கு அந்த ஒன்றுதான் பயம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு இடத்தில் பலூன் வைத்துப் பார்த்தார்கள். தொடையில் குழாயை விட்டு, சிறுநீரகம் வரை கொண்டுபோய், சுருங்கிய இடத்தில் பலூனை ஊதினார்கள். திறக்கவில்லை. குழாயின் சுவரில் கால்சியம் படிந்து ஓடு மாதிரி ஆகியிருந்தது. பலூன் இரண்டு முனையிலும் வீங்கியது, நடுவில் அப்படியே இறுகி நின்றது. படத்தில் பார்த்தேன், நாய்க்குப் போடுகிற எலும்பு போல இருந்தது. இன்னும் அழுத்தினால் குழாய் கிழிந்துவிடும் என்று வெளியே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் இந்த டாக்டரிடம் போனோம். பேசும்போது மேசை மேல் கிடக்கும் மெல்லிய கம்பி ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பார். வாசலைத் தாண்டுவதற்குள் அவள் பெயர் வைத்துவிட்டாள், ஒயர் டாக்டர்.

"இதுவும் பலூன்தான்மா" என்றார் அவர். "ஆனா உள்ள இருந்து அதிர்வு வரும். சின்னச் சின்ன தட்டு. சிறுநீரகக் கல்லை வெளியிலேர்ந்து அதிர்வு கொடுத்து உடைப்பாங்க இல்ல, அதே மாதிரி. இங்க குழாய்க்குள்ளேர்ந்து தட்டுறோம். கெட்டியா இருக்கிற கால்சியம் மட்டும் விரிசல் விடும். மெத்துனு இருக்கிற சதைக்கு ஒண்ணும் ஆகாது. விரிசல் விட்டதும் பலூனை மெதுவா ஊதினாலே திறந்துடும். அப்புறம் ஸ்டென்ட், சின்னதா ஒரு கம்பி வலைக் குழாய். அது திறந்த வழியை மூடவிடாது."

"அதிர்வு எனக்குத் தெரியுமா டாக்டர்?"

"தெரியாது. அரைத் தூக்கத்துல இருப்பீங்க."

"வீட்ல இவர் குறட்டைக்கே தூங்கிப் பழகிட்டேன். உங்க தட்டெல்லாம் எம்மாத்திரம்."

டாக்டர் சிரித்தார். பிறகு அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்த்தார். இடது கையைக் கீழே வைத்துவிட்டு, "இதை நம்பக் கூடாது" என்றார். அவருக்குத் தெரியும். அதை நான் சந்தேகப்பட்டதே இல்லை.

அட்மிஷனுக்கு முந்தின நாள் அவள் தொழிற்கூடத்திலிருந்து ஒரு சிவப்புத் துணிப் பட்டை கொண்டுவந்தாள். விளையாட்டுச் சீருடையில் மிஞ்சிய துணி. முனையில் ஒட்டுப்பட்டை தைத்து, நடுவில் வெள்ளை நூலால் எழுதியிருந்தாள்: இந்தக் கை வேண்டாம்.

"வார்டுல மணிக்கொரு ஆள் மாறுவாங்க. எத்தனை பேருக்குக் கதை சொல்றது. இதைக் கட்டிக்கிட்டா வாயை மூடிக்கிட்டுத் தூங்கலாம்" என்றாள்.

அத்தை அதைப் பார்த்துவிட்டு, "இவளுக்கு வாயை மூடுறதுக்கு ஒரு பட்டை தைக்கச் சொல்லுங்க மாப்ள" என்றார்.

வார்டில் பட்டை வேலை செய்தது. பிரஷர் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் படித்தார்கள், சிரித்தார்கள், வலது கைப் பக்கம் போனார்கள்.

மறுநாள் காலை எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் ஒரு நர்ஸ், தோடு, மோதிரம், வாட்ச், எல்லாம் கழற்றச் சொன்னார். துணி எதுவும் உள்ளே போகக் கூடாது. பட்டையையும் கழற்றினார். "உள்ள டாக்டர் இருக்கார்ல, அவருக்குத் தெரியும்மா" என்றார். அது உண்மைதான். எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, யார் வாங்கிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். நான் சம்மதக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அத்தை கையை நீட்டி வாங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

தள்ளுவண்டியிலிருந்து அவள் என்னைப் பார்த்து, "அந்த லிஃப்ட்டைப் பார்த்தீங்களா? கதவு மூட எவ்வளவு நேரம். சும்மாதானே நிக்கப்போறீங்க, போய்ச் சரிபண்ணுங்க" என்றாள். அது என்னிடம் அவள் கடைசியாகச் சொன்னது. ஆனால் அவளுடைய கடைசி வார்த்தை அது அல்ல.

வெளியே உட்கார முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒரே கம்பியில் கோத்தவை. ஒருவர் அசைந்தால் வரிசையே ஆடியது. எழுந்தேன். தண்ணீர்க் குழாய் வரை நடந்தேன். குடிக்காமல் திரும்பினேன். லிஃப்ட் அருகில் நின்று கதவு மூடுவதைக் கவனித்தேன். கீழ்த் தடத்தில் அழுக்கு சேர்ந்திருந்தது, அதனால்தான் இழுத்துக்கொண்டு போனது. படியில் இறங்கினேன், ஏறினேன். செல்போனை எடுத்தேன், எதற்கு எடுத்தேன் என்று தெரியாமல் வைத்தேன்.

"கொஞ்சம் உக்காருங்க மாப்ள. நீங்க நடக்குறதைப் பாத்து எனக்குத் தலை சுத்துது" என்றார் அத்தை. அவரும் சும்மா இல்லை. கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

ஒயர் டாக்டர் வெளியே வந்தபோது தொப்பியைக் கழற்றிவிட்டிருந்தார். எங்களை உள்ளே கூப்பிட்டுத் திரையில் காட்டினார். சிகிச்சைக்கு முன்னால், நடுவில் நூல் போல மெலிந்த குழாய். அதிர்வு கொடுத்த பிறகு பலூன் நேராக, முனைக்கு முனை ஒரே பருமனாக விரிந்திருந்தது. எலும்பு வடிவம் இல்லை. ஸ்டென்ட் வைத்த பிறகு எடுத்த படத்தில் சிறுநீரகம் முழுவதும் ஒரு மரம் கிளைவிட்ட மாதிரி ரத்தம் ஓடியது.

"பிரமாதமா வந்திருக்கு. இனி பிரஷர் இறங்கும். ரெண்டு மாத்திரையாவது குறைச்சிடலாம்" என்றார்.

அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நோயாளி காத்திருந்ததால் டாக்டர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு போனார்.

அவளை மயக்கம் தெளியும் வரை வைக்கிற தேறும் அறைக்கு மாற்றினார்கள். உள்ளே யாரையும் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்த ஒருவர், "பிரஷர் நல்லா இறங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். என் மைத்துனிக்குப் போன் போட்டு, "இறங்கிடுச்சுடி, உங்க அக்கா பிரஷர் இறங்கிடுச்சு" என்று காரிடார் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அடுத்து வந்தவர், "கொஞ்சம் அதிகமாவே இறங்கியிருக்கு. ஏத்துறதுக்கு மருந்து ஓடுது. பயப்பட ஒண்ணுமில்ல" என்றார்.

அதற்கு அடுத்து வந்தவர் நிற்கவில்லை. ஓடினார்.

மூளையில் ரத்தக் கசிவு. சில நாள் இயந்திரத்தில் வைத்திருந்தார்கள். அவள் கண் திறக்கவில்லை. சிறுநீரகம் மட்டும் கடைசி வரை நன்றாக வேலை செய்தது. சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை நிறைய நிறைய மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

நடந்ததை ஒயர் டாக்டரே என்னிடம் சொன்னார். காரிடாரில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கையில் கம்பி இல்லாமல், சுற்றி வளைக்காமல் சொன்னார். சிகிச்சை நடக்கும்போது பிரஷரை நொடிக்கு நொடி பார்க்க வலது மணிக்கட்டில் ஒரு ஊசிக் குழாய் போட்டிருந்தார்கள். முடிந்ததும் அதை எடுத்துவிட்டு, ரத்தம் வராமல் இருக்க இறுக்கிக் கட்டினார்கள். கட்டுப் போட்ட கையில் பிரஷர் பார்க்கக் கூடாது. தேறும் அறையில் இருந்தவர்கள் புதியவர்கள். அவளோடு வந்த பேப்பரில் இடது கையைப் பற்றி எழுதியிருந்தது. அதைப் படிப்பதற்கு முன்னால் கருவியின் பட்டையைச் சுற்றிவிட்டார்கள், இடது கையில். கருவி மேல் எண்ணை எண்பது என்றது. குழாய் திறந்தால் பிரஷர் இறங்கும் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள், அதனால் நம்பினார்கள். உள்ளே எங்காவது ரத்தம் கசிகிறதோ என்றும் பயந்தார்கள். ஏற்றுவதற்கு மருந்து கொடுத்தார்கள். உண்மையான பிரஷர் இருநூறைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கை மட்டும் எண்பது, எண்பத்தைந்து என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"நான் கூடவே போயிருக்கணும்" என்றார். நான் லிஃப்ட் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் மூடி முடியவில்லை.

மறுநாள் படியில் இறங்கும்போது தேறும் அறையின் நர்ஸ் பின்னாலேயே வந்தார். என் வயதுதான் இருக்கும். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். பட்டையைச் சுற்றும்போது அவள் ஒன்று சொன்னாளாம். அரைத் தூக்கத்தில் எல்லோரும் ஏதாவது உளறுவார்கள், அப்படித்தான் நினைத்தாராம். அவள் சொன்னதைச் சொன்னார். தான் அதற்குச் சிரித்ததையும் சொன்னார். பிறகு அவள் பேசவே இல்லை. "உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல சார்" என்றார். நான் சரி என்றேன். மேலே ஏறிப் போனேன், அத்தை வாசலில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அத்தைக்கு நான் சொன்னது, மூளையில் ரத்தக் கசிவு, பிரஷர் திடீரென்று ஏறிவிட்டது. அவ்வளவுதான். கையைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் அவர் கைப்பையைத் திறப்பார்.

உறவுக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். கடைசி வார்த்தை எல்லோருக்கும் வேண்டியிருந்தது. அக்கா தன் பெயரைச் சொன்னாள் என்று மைத்துனி இரண்டு பேரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மைத்துனி அன்று அந்த ஊரிலேயே இல்லை. நான் மறுக்கவில்லை. நான் வேலைக்குத் திரும்பினேன். ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்கு மேலே ஏறி நின்று ஒரே போல்ட்டை மூன்று தடவை முடுக்கினேன். கூட இருந்த மெக்கானிக், "சார், அது தாங்காது, விட்டுடுங்க" என்றார். வீட்டில் ஃபிரிட்ஜைத் திறந்து மூடுகிறேன். ஒரு இடத்தில் கால் நிற்கவில்லை. காலையில் பிரஷர் பார்க்கிற நேரம் மட்டும்தான் உட்காருகிறேன்.

இன்று காலை வலது கை முடிந்தது, இடது கையில் பட்டையைச் சுற்றினேன். கருவி கூவியது. எண்ணைச் சொன்னேன். அத்தை வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. மற்ற கையால் மடியிலிருந்து எதையோ எடுத்து மேசையில் வைத்தார். சிவப்புப் பட்டை.

"சாவி தேடினேன். பைக்குள்ள அந்தக் கவர் அப்படியே இருந்துச்சு. இத்தனை நாள் திறக்க மனசு வரல."

நான் கருவியின் ரப்பர்க் குழாயை மடித்தேன். பிரித்து மறுபடி மடித்தேன்.

"இது அவ கையில இருக்க வேண்டியதில்லையா மாப்ள?"

"உள்ள துணி எதையும் விடமாட்டாங்க அத்தை. யாரா இருந்தாலும் கழட்டித்தான் ஆகணும்."

"வெளிய வந்ததும் மறுபடி கட்டணும்னு இருந்திருக்குமோ. என்னைக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன். வாசல்லயேதானே உக்காந்திருந்தேன்."

"ஒயர் டாக்டருக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"அவருக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அந்தக் கை சமாச்சாரம்… அவருக்கு நல்லாத் தெரியும்தானே?"

"முதல் நாளே பாத்துச் சொன்னார் அத்தை. நீங்கதான் அன்னிக்கு வரல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் கையிலிருந்த கருவியின் பட்டையைக் கழற்றினேன். அதைக் கழற்றும் சத்தம் தேவைக்கு மேல் பெரிதாகக் கேட்டது. அத்தை சிவப்புத் துணியை விரலால் தடவி, வெள்ளை நூலில் ஓர் இடத்தைக் காட்டினார்.

"இங்க தையல் விட்டிருக்கு பாருங்க. ஊருக்கெல்லாம் நேரா வெட்டுவா. தனக்குன்னா ஏனோதானோதான்."

"அவசரத்துல தைச்சது."

"எதுல அவசரப்படல அவ." ரவிக்கைக் கையை இறக்கினார். ஓரத்தை இழுத்துவிட்டார், மறுபடி சுருண்டது, அப்படியே விட்டார். "சொல்லுங்க மாப்ள. எத்தனை நாளைக்குப் பாலைச் சாக்கு சொல்வீங்க. கடைசியா என்ன சொன்னா?"

அடுப்பில் பால் இல்லை. இன்று முதலிலேயே இறக்கி வைத்திருந்தேன்.

"அம்மான்னு கூப்பிட்டா அத்தை. நர்ஸ் சொன்னாங்க."

"அம்மான்னா?"

"ஆமா."

"அப்படியா" என்றார். மறுபடியும் "அப்படியா" என்றார். எழுந்து டம்ளர்களைக் கழுவப் போனார். தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் மூடவில்லை. பிறகு அங்கிருந்தே, "நாளைக்குச் சின்னவ வீட்டுக்குக் கிளம்புறேன். அங்கயும் என் பிரஷரை யாராவது பாக்கணும்ல. கருவியை எடுத்துக்கிட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றார்.

"எடுத்துக்கங்க. ரெண்டு கையிலயும் பாக்கச் சொல்லுங்க."

"சரிப்பா, சரி. ரெண்டு கையிலயும்."

மேசையில் சிவப்புப் பட்டை கிடக்கிறது. எடுத்து டிராயரில் வைத்தேன். பிறகு வெளியே எடுத்து வைத்தேன். இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து இரண்டு முறை எழுந்து ஜன்னல் வரை போய் வந்துவிட்டேன்.

அவள் அம்மாவைக் கூப்பிடவில்லை. தங்கச்சி பெயரைச் சொல்லவில்லை. என்னைக் கேட்கவில்லை. நர்ஸ் பட்டையைச் சுற்றும்போது கண்ணைத் திறக்காமலே அவள் சொன்னது இதுதான்:

"அது பொய் சொல்ற கை, சிஸ்டர். மத்ததுல பாருங்க."